73 வருடம் மாறாத விலை: ஐந்து சென்ட் காசும் அது ஓட்டிய மெஷின்களும்

பி.காம் முதல் வருடத்திலேயே நமக்குச் சொல்லித் தந்துவிடுகிறார்கள். ஒரு பொருளின் விலையைத் தேவையும் அளிப்பும் சேர்ந்து தீர்மானிக்கும். தேவை கூடினால் விலை ஏறும், அளிப்பு கூடினால் விலை இறங்கும். இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி, பத்து மார்க். அந்தப் படத்தில் இடம்பெறாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது ஒரு துளை. மெஷினில் காசு போடும் துளை.

1886-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் கோகோ கோலா முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது ஒரு கிளாஸ் ஐந்து சென்ட். 1950-களிலும் 6.5 அவுன்ஸ் பாட்டில் ஒன்று ஐந்து சென்ட்டுக்குக் கிடைத்தது. அந்த விலை முழுவதுமாக மறைந்தது 1959-ல்தான். நடுவில் இரண்டு உலகப் போர்கள், 1929-ல் பங்குச் சந்தைச் சரிவு, அதைத் தொடர்ந்த பெருமந்தம், சர்க்கரைத் தட்டுப்பாடு என்று எல்லாம் வந்து போயின. விலை மட்டும் அசையவில்லை. நம்முடைய இரண்டு கோடும் ஒரு புள்ளியும் என்ன ஆயின?

இதற்குப் பதில் தேடிப் போனால் ஒரு பெரிய மெஷின் கூட்டத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிறோம். காசு போட்டால் சூயிங் கம் தரும் மெஷின், பாட்டுப் பாடும் மெஷின், சூதாடும் மெஷின், சாப்பாடு தரும் மெஷின். நம்ம ஊரில் ரயில் நிலையத்தில் கலர் லைட் எரிய எடை பார்த்து அட்டை தந்த மெஷினும், பெட்டிக்கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய் போனும் அந்தக் கூட்டத்தின் தூரத்துச் சொந்தங்கள். வாங்க, உள்ளே போய்ப் பார்ப்போம்.

கோயில் தண்ணீரிலிருந்து சூயிங் கம் வரை

காசு போட்டால் பொருள் தரும் கருவி நாம் நினைப்பதை விட ரொம்பப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்த ஹீரோ என்ற கிரேக்க அறிஞர் (பெயரே அதுதான், சினிமா ஹீரோ இல்லை :-)) தன் நூலில் ஒன்றை விவரிக்கிறார். கோயில் வாசலில் ஒரு பாத்திரம். மேலே உள்ள துளையில் காசைப் போட்டால் அது உள்ளே தராசு போன்ற ஒரு கோலின் நுனித் தட்டில் விழும். அந்தக் கனத்தில் கோல் சாய, மறுபக்கம் அடைப்பான் திறந்து புனிதநீர் கொட்டும். காசு தட்டிலிருந்து வழுக்கி விழுந்ததும் கோல் பழைய நிலைக்கு வந்து தண்ணீர் நின்றுவிடும். ஆட்கள் தங்கள் பங்குக்கு மேல் தண்ணீர் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. இங்கிலாந்து மதுக்கடைகளில் காசு போட்டால் மூடி திறக்கும் புகையிலைப் பெட்டிகள் இருந்தன. எவ்வளவு எடுக்கிறோம், மூடியைத் திரும்ப மூடுகிறோமா என்பதெல்லாம் அவரவர் நேர்மை.

1822-ல் லண்டனில் நடந்ததுதான் சுவாரசியமானது. ரிச்சர்ட் கார்லைல் என்ற புத்தக வியாபாரி, அரசு தடுத்துக்கொண்டிருந்த நூல்களை விற்றுத் தொடர்ந்து வழக்குகளில் சிக்கியவர். தாமஸ் பெயின் எழுதிய 'பகுத்தறிவின் காலம்' அவற்றில் ஒன்று. கார்லைல் ஒரு கருவி செய்தார். வாங்க வருபவர் முள்ளைத் திருப்பி வேண்டிய புத்தகத்தைக் காட்டிக் காசு போட்டால் புத்தகம் வந்து விழும். விற்றவர் யார் என்று வாங்கியவருக்கே தெரியாது. ஆள் இல்லையென்றால் குற்றவாளியும் இல்லை என்பது அவர் கணக்கு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவருடைய கடை ஊழியருக்குத் தண்டனை கிடைத்தது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் விற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் விளைவைச் சுமக்க எங்கோ ஒரு ஆள் இருப்பார். அடுத்த நூற்றாண்டிலும் இதே கதைதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

1883-ல் பெர்சிவல் எவரிட் லண்டனில் அஞ்சலட்டை விற்கும் மெஷினைக் கொண்டுவந்தார். 1888-ல் தாமஸ் ஆடம்ஸின் கம்பெனி நியூயார்க்கின் உயர்மட்ட ரயில் பிளாட்பாரங்களில் 'டுட்டி ஃப்ரூட்டி' சூயிங் கம் மெஷின்களை வைத்தது. 1889 நவம்பர் 23 அன்று லூயிஸ் கிளாஸ் சான் பிரான்சிஸ்கோவில் பாலே ராயல் என்ற மதுக்கடையில் எடிசன் போனோகிராபுடன் காசுப் பெட்டியை இணைத்து வைத்தார். நான்கு குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துளை. ஐந்து சென்ட் போட்டுக் குழாயைக் காதில் வைத்தால் பாட்டு. நாலு பேர் ஒரே பாட்டைக் கேட்டால் இருபது சென்ட் வசூல். ஜூக்பாக்ஸின் தாத்தா இதுதான்.

மெஷின் காசை எப்படி அடையாளம் காண்கிறது?

இந்தப் பகுதி கொஞ்சம் டெக்னிக்கல். ஆனால் பின்னால் வரப்போவது எல்லாம் இதில்தான் நிற்கிறது.

கடைக்காரர் காசைப் பார்த்தே தெரிந்துகொள்வார். மெஷினுக்குக் கண் இல்லை. ஆரம்ப மெஷின்கள் துளையின் அகலத்தையும் காசின் கனத்தையும் மட்டுமே நம்பின. விளைவு, அதே அளவில் வெட்டிய ஈய வட்டங்களும் தகர வட்டங்களும் பெட்டிக்குள் குவிந்தன. இவற்றை அமெரிக்காவில் 'ஸ்லக்' என்பார்கள். இதைத் தடுக்க மெஷின் செய்பவர்கள் ஒவ்வொன்றாக வழி கண்டுபிடித்தார்கள். சூதாட்ட மெஷின்களில் கடைசியாகப் போட்ட சில காசுகள் ஒரு கண்ணாடி ஜன்னலில் வரிசையாகத் தெரியும். போலி போட்டால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரிந்துவிடும்.

பிறகு வந்த கருவி இன்னும் அழகு. காசு முதலில் ஒரு சின்னத் தொட்டிலில் விழும். கனம் சரியாக இருந்தால்தான் தொட்டில் சாயும். அடுத்து சரிவில் உருண்டு ஒரு காந்தத்தைத் தாண்டும். இரும்பு என்றால் காந்தம் பிடித்துக்கொள்ளும். மற்ற உலோகங்களைக் காந்தம் இழுக்காது, ஆனால் ஓடும் காசுக்குள் மின்சுழல் உண்டாகி அதன் வேகத்தைக் குறைக்கும். எவ்வளவு குறையும் என்பது அந்த உலோகம் மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதைப் பொறுத்தது. சரியான கலவை என்றால் சரியான வேகம், சரியான வேகம் என்றால் சரியான இடத்தில் விழும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் வெளியே தள்ளிவிடும். ஒரு சிப் கூட இல்லாமல் உலோகப் பரிசோதனை!

இதில் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. இப்படிச் செய்த மெஷினுக்கு ஒரே ஒரு காசைத்தான் தெரியும். இரண்டு விதமான காசைக் கூட்டிக் கணக்குப் போடுவதும், மீதிச் சில்லறை கொடுப்பதும் அந்தக் காலத்தில் கஷ்டமான, செலவான வேலை. அமெரிக்காவில் பெரும்பாலும் அந்த ஒரு காசு 'நிக்கல்'. 1866-லிருந்து அச்சாகும் ஐந்து சென்ட் நாணயம். 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல், எடை சரியாக 5 கிராம். அடுத்த பெரிய காசு 'டைம்', அதாவது பத்து சென்ட். இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

கணக்கு புரிகிறதா? நிக்கல் மட்டும் வாங்கும் மெஷினில் விற்கும் பொருளுக்கு ஒரு சென்ட் விலை ஏற்ற முடியாது. ஏற்றினால் அடுத்த படி பத்து சென்ட். நூறு சதவீத உயர்வு.

ஆளில்லாத ஓட்டலில் இருந்த ஆட்கள்

1902-ல் ஜோசப் ஹார்ன், ஃபிராங்க் ஹார்டார்ட் இருவரும் பிலடெல்பியாவில் 'ஆட்டோமேட்' என்ற ஓட்டலைத் திறந்தார்கள். மெஷின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. 1912-ல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துக்கும் வந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள். உள்ளே ஒரு துண்டு பை, ஒரு தட்டு பீன்ஸ், ஒரு சாண்ட்விச். காசு போட்டுக் குமிழைத் திருகினால் கதவு திறக்கும். காபி டால்பின் முகம் கொண்ட குழாயிலிருந்து வரும், ஒரு கப் ஐந்து சென்ட். சர்வர் இல்லை, டிப்ஸ் இல்லை, யாரும் முறைப்பதில்லை. ஒரே காபியோடு மணிக்கணக்கில் உட்காரலாம். பெருமந்த காலத்தில் வேலை இல்லாதவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஆள் இல்லாத ஓட்டல் என்பது பார்வைக்கு மட்டும்தான். வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ரூபாய் நோட்டு மாதிரி டாலரை நீட்டினால், எண்ணிப் பார்க்காமலே விரலால் அளந்து இருபது நிக்கலைச் சரியாக வீசுவார்கள். அவர்களுக்கு 'நிக்கல் வீசுபவர்கள்' என்றே பெயர். சுவருக்குப் பின்னால் இன்னும் பல பெண்கள், காலியான அறைகளை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். வேலை குறையவில்லை, மறைந்துகொண்டது.

ஐந்து சென்ட் காபி 1950-ல் பத்து சென்ட் ஆனது. ஏழு சென்ட் என்ற விலை அந்தச் சுவரில் சாத்தியமில்லை. கடைசி ஆட்டோமேட் நியூயார்க்கில் 1991-ல் மூடப்பட்டது. 1902 ஆட்டோமேட்டின் ஒரு பகுதி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோகோ கோலாவின் 73 வருடம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஏன் விலை ஏறவில்லை? டேனியல் லெவி, ஆண்ட்ரூ யங் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை அலசியிருக்கிறார்கள். சுருக்கமாகப் பார்த்தால் முதல் பாதிக்குக் காரணம் ஒரு ஒப்பந்தம், இரண்டாம் பாதிக்குக் காரணம் காசுத் துளை.

1899-ல் டென்னசியிலிருந்து இரண்டு வக்கீல்கள் கம்பெனித் தலைவர் ஏசா கேண்ட்லரைப் பார்க்க வந்தார்கள். கோலாவைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமை வேண்டும் என்றார்கள். அப்போது கோலா என்றால் சோடாக் கடையில் கிளாசில் ஊற்றிக் கொடுப்பதுதான். பாட்டிலெல்லாம் எங்கே ஓடப்போகிறது என்று கேண்ட்லர் நினைத்தார் போலிருக்கிறது. ஒரு டாலர் என்று எழுதி உரிமையைக் கொடுத்துவிட்டார். கூடவே, சிரப் இந்த விலைக்குத் தருவேன் என்று ஒரு நிலையான விலையும். முடிவு தேதி இல்லாத ஒப்பந்தம்! ஒப்பந்தச் சட்டம் படிக்கும் நண்பர்கள் கண்ணீர் விடலாம்.

பாட்டில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கம்பெனிக்கு வரும் சிரப் விலை மாறாது. பாட்டில்காரர்கள் விலையை ஏற்றினால் கூடுதல் லாபம் அவர்களுக்கு, விற்பனைக் குறைவு கம்பெனிக்கு. கம்பெனிக்கு இருந்த ஒரே வழி நிறைய பாட்டில் விற்க வைப்பது. அதனால் சுவர், போஸ்டர், கேலண்டர், தட்டு என்று எல்லா இடத்திலும் ஐந்து சென்ட் என்று பெரிதாக எழுதிப் போட்டது. ஊரெல்லாம் எழுதிய விலைக்கு மேல் எந்தக் கடைக்காரர் கேட்க முடியும்? விளம்பரத்தாலேயே அடுத்தவன் விலையைக் கட்டிப்போட்ட வித்தை.

1921-ல் ஒப்பந்தம் மாற்றப்பட்டு, சிரப் விலை சர்க்கரை விலையோடு சேர்ந்து மாறலாம் என்றானது. கட்டு அவிழ்ந்தது. ஆனால் விலை ஏறவில்லை. ஏனென்றால் அதற்குள் அடுத்த கட்டு விழ ஆரம்பித்தது. நிக்கல் மட்டும் வாங்கும் குளிர்பான மெஷின்கள் தொழிற்சாலை, அலுவலகம், பெட்ரோல் பங்க் என்று பரவின. 1950-ல் அமெரிக்காவில் சுமார் 4,60,000 குளிர்பான மெஷின்கள் இருந்தன, அவற்றில் 85 சதவீதத்துக்கு மேல் கோகோ கோலாவுடையவை. தானே கட்டிய சிறைக்குள் தானே உட்கார்ந்த கதை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செலவு ஏறியது. பாட்டில்காரர்கள் கதறினார்கள். என்ன செய்வது? ஒரு யோசனை, கேட்டால் நம்பமாட்டீர்கள். மெஷினில் ஒன்பது இடத்தில் ஒன்றைக் காலியாக விடுவது! ஒன்பது பேர் காசு போட்டால் எட்டுப் பேருக்குக் கோலா, ஒருவருக்குக் காலி. அவர் இன்னொரு நிக்கல் போட வேண்டும். 9 × 5 = 45 சென்ட், அதை எட்டால் வகுத்தால் பாட்டிலுக்கு 5.625 சென்ட். காஸ்டிங் பேப்பரில் இது சரியான விடை. தாகத்தோடு நிற்பவனிடம் இது திருட்டு. நல்லவேளையாக நாடு முழுக்க இது நடைமுறைக்கு வரவில்லை.

அடுத்த யோசனை இன்னும் பெரியது. 1953-ல் கோகோ கோலாவின் ராபர்ட் வுட்ரஃப் தன் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். நாட்டுக்கு 7.5 சென்ட் நாணயம் ஒன்று தேவை என்றார். அந்த நண்பர் யார் தெரியுமா? அமெரிக்க அதிபர் ஐசனோவர். அவர் அதைக் கருவூலத் துறைக்கு அனுப்பினார், அது அங்கேயே நின்றுபோனது. ஒரு குளிர்பானத்தின் விலைக்காக நாட்டின் நாணயத்தையே மாற்றச் சொன்ன கடிதம் அது!

1951-லேயே புதிய விளம்பரங்களில் ஐந்து சென்ட் போடுவதை நிறுத்தியிருந்தார்கள். ஊருக்கு ஊர் ஆறு, ஏழு, பத்து என்று ஏறியது. சில்லறை தரும் மெஷின்களும் வந்தன. 1959-ல் கடைசி நிக்கல் கோலாவும் போனது.

விலை நின்றால் வேறு எதுவோ நகரும்

கோகோ கோலா மட்டும் இல்லை. அதே 1953-ல் நியூயார்க் சுரங்க ரயிலிலும் இதே பிரச்சினை. 1904-ல் தொடங்கியபோது கட்டணம் ஒரு நிக்கல். 1948 வரை 44 வருடம் அதேதான். இதற்கு முக்கியக் காரணம் அரசியல்: கட்டணத்தை ஏற்றிய மேயர் என்ற பெயர் யாருக்கும் வேண்டாம். 1948-ல் பத்து சென்ட் ஆக்கியதில் சிரமம் இல்லை, டைம் காசு இருக்கிறதே. 1953-ல் பதினைந்து சென்ட் என்று முடிவெடுத்தபோதுதான் சிக்கல். பதினைந்து சென்ட் காசு கிடையாது, நுழைவாயில் கருவி இரண்டு காசை எண்ணாது. வுட்ரஃப் அதிபரிடம் கேட்டதை ரயில்காரர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். சொந்தமாக ஒரு வில்லை அச்சடித்து, கவுண்டரில் பதினைந்து சென்ட்டுக்கு விற்றார்கள். மெஷினுக்கு அந்த வில்லை மட்டும் தெரிந்தால் போதும். பிறகு எத்தனை தடவை கட்டணம் ஏறினாலும் துளை பற்றிக் கவலையில்லை. வில்லை முறை 2003 வரை ஓடியது.

ஹெர்ஷே சாக்லேட் வேறு வழி பிடித்தது. ஐந்து சென்ட் சாக்லேட்டை 1969 வரை விற்றது. விலை மாறவில்லை, கோகோ விலையைப் பார்த்து எடைதான் மாறிக்கொண்டே இருந்தது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாட்டு மெஷினில்தான் உண்மையிலேயே ஒருவர் வயிற்றில் அடி விழுந்தது. 1909-ல் அமெரிக்காவில் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்தது. அதில் ஒரு வரி: உள்ளே நுழையத் தனிக் கட்டணம் வாங்காத இடத்தில், காசு போட்டு இயங்கும் மெஷினில் பாட்டு ஒலித்தால் அது லாபத்துக்கான பொது நிகழ்ச்சி ஆகாது. அதாவது பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதற்கு ராயல்டி தர வேண்டியதில்லை. 1909-ல் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. குழாயைக் காதில் வைத்துக் கேட்கும் விளையாட்டுச் சாமான்தானே. ஆனால் 1927-ல் மின்சார ஒலிபெருக்கி ஜூக்பாக்ஸுக்குள் வந்தது. 1933-ல் மதுவிலக்கு நீங்கி பார்கள் திரும்பத் திறந்தன. 1946-ல் வந்த வுர்லிட்சர் 1015 மாடல் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது. பழைய ஹாலிவுட் படங்களில் வண்ணக் குமிழ்கள் ஓட மினுங்குமே, அதுதான்.

வசூல் எப்படிப் பிரிந்தது? மெஷினுக்குச் சொந்தக்காரர் ஒரு பங்கு, மெஷின் நிற்கும் கடைக்காரர் ஒரு பங்கு. இசைத்தட்டு வாங்கும்போது கிடைத்த சிறு தொகை தவிர, அதன் பிறகு ஒவ்வொரு தடவை ஒலிக்கும்போதும் விழுந்த நிக்கலில் பாடலாசிரியருக்குப் பங்கு பூஜ்யம். சட்டத்தை மாற்றும் மசோதாக்கள் பல தடவை வந்து தோற்றன. கடைசியில் 1976 சட்டத்தில்தான், 1978 முதல், ஒரு பெட்டிக்கு வருடத்துக்கு 8 டாலர் என்று வைத்தார்கள். ஒரு பெட்டிக்கு வருடம் முழுவதற்கும் 8 டாலர். அதைப் பெறவே கிட்டத்தட்ட 70 வருடம்.

மூன்று மணிகளும் ஒரு சூயிங் கம்மும்

சூதாட்ட மெஷின் இல்லாமல் இந்த வரலாறு முடியாது. பவேரியாவில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த சார்லஸ் ஃபே 1890-களில் 'லிபர்ட்டி பெல்' மெஷினைச் செய்தார். மூன்று சக்கரங்கள். மூன்றிலும் மணி வந்தால் அதிகபட்சப் பரிசு, பத்து நிக்கல். மெஷினே எண்ணிக் கொட்டும். ஃபே மெஷினை விற்கவில்லை. மதுக்கடைகளில் வைத்து வசூலில் பாதி வாங்கிக்கொண்டார். 1906 பூகம்பத்தில் அவருடைய பட்டறை அழிந்தது. அடுத்த வருடமே சிகாகோவின் ஹெர்பர்ட் மில்ஸ் அதே மாதிரி மெஷின்களைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கினார்.

சூதாட்டத்துக்குத் தடைகள் வரவர, மெஷின்கள் மாறுவேடம் போட்டன. இது சூது இல்லை, சூயிங் கம் விற்கும் மெஷின் என்றார்கள். சக்கரத்தில் செர்ரி, எலுமிச்சை, பிளம் படங்கள் வந்தன, கம்மின் சுவைகளாம். இன்றும் ஸ்லாட் மெஷினில் வரும் பழங்களுக்கும் 'பார்' என்ற சின்னத்துக்கும் மூலம் இந்த கம் மெஷின்கள்தான். கார்லைல் ஞாபகம் வருகிறதா? விற்பவரை ஒளித்தார் அவர், விற்கும் பொருளையே ஒளித்தார்கள் இவர்கள்.

1934-ல் நியூயார்க் மேயர் லகார்டியா சம்மட்டியால் மெஷின்களை உடைத்து, படகில் ஏற்றிக் கடலில் கொட்டவைத்தார். 1951-ல் மாநில எல்லை தாண்டி இவற்றைக் கொண்டுசெல்ல மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இப்படி உடைபட்டதால்தான் மிச்சமிருப்பவைக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் அவ்வளவு மவுசு. கலிபோர்னியா சட்டம் 25 வயதுக்கு மேற்பட்ட ஸ்லாட் மெஷினைச் சூதாடப் பயன்படுத்தாதவரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. வயதானால் குற்றமும் பழம்பொருள் ஆகிவிடுகிறது.

கடைசியில் யார் யாருக்கு அடங்கியது?

இதுவரை மெஷின் காசுக்கு அடங்கியதைப் பார்த்தோம். இப்போது கதை திரும்புகிறது.

1913-ல் அமெரிக்க அரசு நிக்கலுக்குப் புதிய வடிவம் கொண்டுவந்தது. ஒரு பக்கம் செவ்விந்தியர் முகம், மறுபக்கம் காட்டெருமை. சிற்பி ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் செய்த அழகான நாணயம். ஆனால் ஹாப்ஸ் என்ற கம்பெனி ஆட்சேபித்தது. போலிக்காசைக் கண்டுபிடிக்கும் எங்கள் கருவிக்கு இந்த வடிவம் ஒத்துவராது, மாற்றுங்கள் என்றது. மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் கருவூலச் செயலர் ஃபிராங்க்ளின் மெக்வே, ஒரு கம்பெனிக்காக நாட்டு நாணயத்தை இதற்கு மேல் நிறுத்திவைக்க முடியாது என்று முடிவெடுத்து அச்சடிக்கச் சொல்லிவிட்டார். மெஷின் தோற்றது.

1942-ல் போருக்காக நிக்கல் உலோகம் தேவைப்பட்டது. காசிலிருந்து நிக்கலை எடுத்துவிட்டு 56 சதவீதம் செம்பு, 35 சதவீதம் வெள்ளி, 9 சதவீதம் மாங்கனீசு என்று புதுக் கலவை செய்தார்கள். போர்க்காலத்தில் ஐந்து சென்ட் காசில் வெள்ளியா? ஆம். கனமும் மின்குணமும் பழைய காசு போலவே இருந்து, லட்சக்கணக்கான மெஷின்கள் அதை ஏற்க வேண்டும் என்பது ஒரு முக்கியமான நிபந்தனை. அடுத்த வருடம் ஒரு சென்ட் காசை எஃகில் அடித்தபோது அந்த நிபந்தனை தவறியது. மெஷினுக்குள் இருந்த காந்தம் அரசாங்கக் காசையே போலி என்று பிடித்துக்கொண்டது!

1965-ல் வெள்ளி விலை ஏறியதால் டைம், குவார்ட்டர் காசுகளிலிருந்து வெள்ளியை முழுவதுமாக நீக்கினார்கள். அதற்கு மாற்றாகப் பல உலோகங்களைப் பரிசீலித்து, செம்பை நடுவில் வைத்து இருபுறமும் செம்பு நிக்கல் கலவையை ஒட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். நாடு முழுக்க இருந்த மெஷின்களின் சோதனையில் அது வெள்ளிக் காசு போலவே தேறும் என்பது பெரிய காரணம். 1913-ல் மெஷின் கம்பெனியைத் தள்ளிவிட்டு நடந்த அரசு, 52 வருடம் கழித்து மெஷினைக் கேட்டுத்தான் காசு அடித்தது.

விலை மாறவில்லை என்றால்...

தேவை அளிப்புப் படம் பொய் என்று நான் சொல்லவில்லை. செலவு ஏறும்போது யாராவது அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும், அதில் படம் சரிதான். விலை நகர முடியாதபோது அந்தச் சுமை வேறு இடத்தில் இறங்குகிறது. கோலாவில் பாட்டில்காரர் தலையில். சாக்லேட்டில் வாங்குபவரின் எடையில். ஜூக்பாக்ஸில் செலவு ஏறுவதற்கு முன்பே சட்டம் போட்டுப் பாடலாசிரியரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆட்டோமேட்டில் சுவருக்குப் பின்னால் ஓடிய பெண்களை யாரும் பார்க்கவே இல்லை.

இப்போது டீக்கடையில் கூட போனை நீட்டி ஸ்கேன் செய்கிறோம். பதினொரு ரூபாய் ஐம்பது பைசா என்றாலும் சரியாகப் போகும். காசின் அளவு விலையைக் கட்டிப்போட்ட காலம் முடிந்துவிட்டது. ஆனால் ஆள் தெரியாத வியாபாரம் முன்பை விட அதிகம். அடுத்த முறை எங்கேயாவது ரொம்ப நாளாக விலை மாறாத பொருளைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. கூடவே எடையைப் பாருங்கள், பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள்.

தேர்வில் இதை எழுதினால் மார்க் கிடைக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள் :-)